மறு: ‘டிராஃப்ட்’ – ஏலமா, வரைவா, வரிசைத்தெரிவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக், புதிதாக வரும் வீரர்களை அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் ‘டிராஃப்ட்’ ஏற்பாட்டை மாற்ற வேண்டுமா என்று தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, அதற்கு நல்ல சொல் கேட்டிருந்தேன். வந்த மடல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையின் முதல் படியில் ‘வீரர் ஏலம்’ என்றுதான் எழுதியிருந்தேன். அதைத் தம்பி மகனிடம் படிக்கக் கொடுத்தேன். 2023இல் விக்டர் வெம்பன்யாமாவை சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் எடுத்த பத்தியைப் படித்துவிட்டு, “எத்தனை கோடிக்குப் பெரியப்பா எடுத்தாங்க?” என்றான். அவன் கேட்டதில் தவறே இல்லை. ஏலம் என்று எழுதினால் விலைதான் கேட்பார்கள். அங்கே யாரும் விலை கூறவில்லை. ஸ்பர்ஸுக்கு முதல் முறை வந்தது, எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். என் கட்டுரையே ‘அந்த முதல் முறை யாருக்கு வரவேண்டும்’ என்பதைப் பற்றியது. என் சொல் அந்தக் கேள்வியையே மறைத்துவிட்டது. அதனால்தான் குழுமத்துக்கு வந்தேன்.

> ஏலம் எல்லாருக்கும் தெரிந்த சொல். ஐ.பி.எல். பார்க்கும் வாசகருக்குப் புதுச்சொல் எதற்கு?

ஐ.பி.எல்.லிலேயே இரண்டும் நடந்திருக்கின்றன. 2015 டிசம்பரில், சென்னையும் ராஜஸ்தானும் தடையில் இருந்தபோது, புனே, ராஜ்கோட் என்ற இரண்டு புது அணிகள் அந்த வீரர்களை மாறிமாறி எடுத்தன. புனே முதலில் தோனியை எடுத்தது. அடுத்து ராஜ்கோட் ரெய்னாவை எடுத்தது. இருவருக்கும் 12.5 கோடி ரூபாய். யாரும் கையைத் தூக்கி விலையை ஏற்றவில்லை. ஓர் அணி முதலில் எடுப்பவருக்கு இவ்வளவு, அடுத்து எடுப்பவருக்கு இவ்வளவு என்று முன்பே வகுத்திருந்தார்கள். 2008இல் 19 வயதுக்குட்பட்ட வீரர்களைப் பிரித்ததும் இப்படித்தான். டெல்லிக்கு முதல் முறை கிடைத்தும் பிரதீப் சங்வானை எடுத்தது. விராட் கோலி பெங்களூருக்குப் போனார். இதை ‘ஏலத்தில் கோலியை விட்டது’ என்று எழுதினால், டெல்லியிடம் பணம் போதவில்லை போலும் என்றுதான் வாசகர் நினைப்பார். பணத்துக்கு அங்கே இடமே இல்லை. கையில் வாய்ப்பு இருந்தும் வேறொருவரை எடுத்தது, அதுதான் செய்தி.

> வரைவு என்றே சொல்லலாம். வரைதல் என்றால் ஆவணம் எழுதுவது மட்டும் அல்ல.

இதை எழுதிய ஐயாவின் மடலை மூன்று முறை படித்தேன். வரைதலுக்குத் தனக்கு உரியதாக்கிக்கொள்ளுதல் என்ற பொருள் உண்டு, மணம் செய்தல் என்ற பொருளும் உண்டு என்று அவர் சொல்வது முற்றிலும் சரி. ஓர் அணி ஒரு வீரரைத் தனக்கென்று வரைந்துகொள்கிறது என்பது அழகான சொல்லாட்சிதான். ஆனால் இன்று செய்தித்தாளில் வரைவு வாக்காளர் பட்டியல், வரைவு அறிக்கை என்று நாள்தோறும் படிக்கிறோம். ‘டல்லாஸ் அணியின் வரைவு’ என்று தலைப்பு வைத்தால், அந்த அணி ஏதோ அறிக்கை தயாரித்திருக்கிறது என்றுதான் படும். பழைய பொருளை மீட்டெடுக்க ஒரு கட்டுரை போதாது. ‘டிராஃப்ட்’ என்றே விட்டுவிடலாம் என்றவர்களுக்கும் ஏறத்தாழ இதே பதில்: நம்மில் பலருக்கு டிராஃப்ட் என்றால் வங்கியில் எடுப்பது.

‘கட்டாய ஆள்சேர்ப்பு’ என்ற யோசனையும் வந்தது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் படைக்கு ஆள் பிடிக்கும் பொருளும் இருப்பதையும், வீரருக்குத் தன் அணியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லாததையும் அந்த நண்பர் சுட்டிக்காட்டினார். இந்தக் குறையை நானும் பெரிதாகவே நினைக்கிறேன். 2004இல் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ (நம் கால்பந்து அல்ல) வீரர் ஈலை மேனிங், தன்னை எடுத்த சான் டியேகோவுக்கு ஆடமாட்டேன் என்று நின்று நியூயார்க் ஜயன்ட்ஸுக்குப் போனார். ஆனால் அப்படி நிற்கும் பலம் எல்லாருக்கும் வாய்க்காது. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் கொண்டுவந்த இதே ஏற்பாட்டை வீரர்கள் வழக்குத் தொடுத்து 1991இல் நீதிமன்றத்தில் உடைத்தார்கள். அமெரிக்கப் பெண்கள் கால்பந்து லீக்கான என்.டபிள்யு.எஸ்.எல். 2024இல் வீரர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் இதை அடியோடு எடுத்துவிட்டது. ஆனாலும் கலைச்சொல்லுக்குள்ளேயே ‘கட்டாயம்’ என்று வைத்துவிட்டால், இதை ஆதரித்து எழுத வருபவர் எந்தச் சொல்லை வைத்து எழுதுவார்? இரண்டு கட்சிக்காரரும் கூச்சமில்லாமல் எடுத்தாளும் சொல் வேண்டும்.

ஏலத்தை விட்டபின் நான் முதலில் கொடுத்தது ‘முறைத்தெரிவு’. முறை என்றால் நம் பேச்சில் இன்னார்க்கு அடுத்து இன்னார் என்பது. ‘இப்ப என் முறை’ என்று சிறுபிள்ளையும் சொல்லும். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதற்கு முறைப்பாசனம் என்கிறோம். எல்லாருக்கும் வேண்டிய ஒன்றை ஒருவர்பின் ஒருவராக எடுத்துக்கொள்வது என்ற கருத்து அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தெரிவு என்று வைத்தது ஏன் என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். தேர்வு என்றால் மாணவர் எழுதும் தேர்வும் உடன் வந்து நிற்கிறது. தெரிவு, இலங்கை வழக்கில் நாள்தோறும் புழங்கும் சொல், இங்கேயும் புரியும்.

எழுதிப் பார்த்தபோதுதான் இடித்தது. ‘முறைத்தெரிவு முறையை மாற்ற வேண்டுமா?’ தலைப்பிலேயே முறை இரண்டு தடவை, இரண்டு பொருளில். அதைவிடப் பெரிய குறை ஒன்று. இந்த விவாதத்தில் எல்லாரும் சண்டை போடுவது எடுக்கும் வரிசையைப் பற்றி. அதனால் என் சொல்லை நானே திரும்பப் பெற்றுக்கொண்டு ‘வரிசைத்தெரிவு’ என்று முன்வைக்கிறேன்.

வரிசை என்பதில் எனக்கு இன்னொரு ஈர்ப்பும் உண்டு. பழந்தமிழில் வரிசை அறிந்து கொடுத்தல் என்றால், பெறுபவரின் தகுதியை அளந்து, மேலானவருக்கு மேலானதைக் கொடுப்பது. இங்கே வரிசை தலைகீழ். சீசனில் அதிகம் தோற்றுக் கடைசியில் நிற்பவனுக்கு முதல் வாய்ப்பு. 1936இல் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ லீக்கான என்.எஃப்.எல். இதைத் தொடங்கியதே, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் முன்வைத்த யோசனையால்தான். பணக்கார அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டிருந்தன. அவருடைய அணியோ தோற்றுக்கொண்டிருந்தது. எளியவனுக்கு முதல் பந்தி என்ற நல்ல எண்ணம். கெடுதலும் அதிலிருந்தேதான் பிறந்தது: கடைசி இடத்துக்கு இவ்வளவு மதிப்பு இருந்தால், கடைசி இடத்துக்கும் போட்டி வரத்தானே செய்யும்?

என்.பி.ஏ.யில் அது ஏன் இவ்வளவு கடுமை என்பதற்குச் சம்பள விதியும் காரணம். 1995 முதல், முதல் சுற்றில் எடுக்கப்படும் புதுவீரருக்கு இந்த இடத்துக்கு இவ்வளவு என்று சம்பள அளவு வகுத்திருக்கிறார்கள். ஆட்டத்தையே புரட்டிப்போடும் வீரர் கிடைத்தாலும் முதல் சில ஆண்டுகளுக்கு அந்த வரம்புக்குள் கொடுத்தால் போதும். ஒரு சீசனைத் தோற்றால் இப்படி ஒருவர் கிடைப்பார் என்றால் நிர்வாகம் கணக்குப் போடாமல் இருக்காது.

இங்கே இன்னொரு சொல் தேவைப்படுகிறது. வேண்டுமென்றே அணியை நலிய விட்டுத் தோல்விகளைக் குவிப்பதை ‘டேங்கிங்’ என்கிறார்கள். ஆட்ட மோசடி என்று ஒருவர் எழுதியிருந்தார், அது பொருந்தாது. களத்தில் இறங்கும் வீரர் முழுமூச்சாகத்தான் ஆடுகிறார். நல்ல வீரரை விற்பது, லேசான வலிக்கு உட்கார வைப்பது, அனுபவமில்லாதவரை இறக்குவது எல்லாம் மேலே இருப்பவர்களின் வேலை. 2015–16இல் ஃபிலடெல்ஃபியா செவன்ட்டிசிக்ஸர்ஸ் 82 ஆட்டங்களில் 10 மட்டுமே வென்றது. பல ஆண்டுத் திட்டத்தின் பலன் அது. 2023 ஏப்ரலில் சிகாகோவுக்கு எதிரான ஆட்டத்தில் முக்கிய வீரர்களை வெளியே வைத்த டல்லாஸுக்கு லீக் 7,50,000 டாலர் அபராதம் போட்டது. இந்த ‘டேங்கிங்’குக்கு ‘தோல்வி தேடல்’ என்று வைத்திருக்கிறேன். ‘அந்த அணி தோல்வி தேடுகிறது’ என்று வினையாகவும் ஓடுகிறது. ‘விட்டுக்கொடுத்தல்’ கருணை காட்டுவது போல ஒலிக்கிறது, வேண்டாம்.

அடுத்து ‘லாட்டரி’: கடைசி அணிக்கே முதல் இடம் என்று நேராகக் கொடுக்காமல், பின்தங்கிய அணிகளிடையே இந்த வரிசையைத் தீர்மானிக்கும் குலுக்கல். ‘குடவோலை’ என்று ஒரு நண்பர் ஆர்வத்தோடு எழுதியிருந்தார். உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்தால் எனக்கும் மனம் அங்கேதான் போகிறது. ஆனால் அங்கே தகுதியுள்ளவர் பெயரெல்லாம் ஓலைக்கு ஒன்றாகக் குடத்தில் விழுகிறது. ஒரே அளவு வாய்ப்பு. என்.பி.ஏ.யிலும் 1985இல் அப்படித்தான் தொடங்கினார்கள்: ஏழு அணிகள், ஏழு உறைகள். நியூயார்க் நிக்ஸுக்கு முதல் இடம் விழுந்து பேட்ரிக் யூயிங் வந்தார். 1990இலிருந்து எடை போட்ட குலுக்கல்: அதிகம் தோற்ற அணிக்கு அதிக வாய்ப்பு. 2019 விதிப்படி 14 பந்துகளில் நான்கு வெளியே வருகின்றன. 1001 சேர்க்கைகளில் ஒன்றை ஒதுக்கிவிட்டு 1000ஐ அணிகளுக்குப் பங்கிடுகிறார்கள். கடைசி மூன்று அணிகளுக்கு 140 வீதம், கீழிருந்து பதினான்காவது அணிக்கு 5. ஆகவே ‘எடைக் குலுக்கல்’ என்றால் போதும். 1985ஐப் பற்றி எழுதும்போது ‘சமக் குலுக்கல்’. குடவோலை என்ற பெருமைக்குரிய சொல்லை அதற்குப் பொருந்தாத இடத்தில் செலவிட மனம் வரவில்லை.

‘பிக்’ என்ற சொல்தான் உண்மையில் தொல்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. 1993இல் ஆர்லாண்டோ மேஜிக்குக்கு 66இல் 1 வாய்ப்புதான். அதற்கே முதல் ‘பிக்’ விழுந்தது. அந்த ‘பிக்’கான கிறிஸ் வெபரை கோல்டன் ஸ்டேட்டிடம் கொடுத்து, மூன்றாவது ‘பிக்’கான அன்ஃபர்னி ஹார்டவேயையும் பின்வரும் ஆண்டுகளின் முதல் சுற்று ‘பிக்’ மூன்றையும் வாங்கிக்கொண்டது. இதைத் தமிழில் ஒரே சொல்லால் எழுத முயன்றேன், எனக்கே புரியவில்லை. பிரித்தால் தெளிகிறது: எடுக்கும் உரிமை ‘தெரிவுரிமை’, வரிசையில் அதன் இடம் ‘தெரிவிடம்’, எடுக்கப்பட்ட ஆள் ‘தெரிவானவர்’. கைமாறுவது தெரிவுரிமை. அது கைமாறுவதால்தான் 2016–17இல் கடைசி இடத்தில் முடித்த புரூக்ளினின் முதல் இடம் பாஸ்டனுக்குப் போயிற்று. 2013இலேயே அந்த உரிமையைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். எளியவனுக்கு முதல் பந்தி என்ற நியாயம் அங்கே எங்கே போயிற்று என்று கேட்க, தெரிவுரிமை என்ற தனிச்சொல் வேண்டும்.

என் சொல்லில் ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். லீக்கில் புது அணி சேரும்போது நடப்பதையும் ஆங்கிலத்தில் ‘டிராஃப்ட்’ என்கிறார்கள். 2017இல் ஐஸ் ஹாக்கியில் வேகஸ் கோல்டன் நைட்ஸ், இருந்த 30 அணிகளிலிருந்தும் ஆளுக்கு ஒருவரை எடுத்தது. எடுப்பது ஒரே அணி. அங்கே வரிசை ஏது? அதற்கு ‘புது அணி ஆளெடுப்பு’ என்று தனியாக வைப்பதே நல்லது. ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதால் நாமும் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிப்போட வேண்டியதில்லை.

என் சொந்தக் கருத்தைக் கேட்டவர்களுக்கு: ஆம், என்.பி.ஏ. மாற்றத்தான் வேண்டும். 2019இல் அணிகளின் குலுக்கல் வாய்ப்புகளில் இருந்த ஏற்றத்தாழ்வைக் குறைத்தார்கள். அதற்குப் பின் 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லீக்கிலேயே மிக மோசமாக ஆடிய அணிக்கு ஐந்தாவது தெரிவிடம்தான் கிடைத்தது. அதற்குக் கீழே விழ விதியே இல்லை. 2025இல் 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸ் முதல் இடம் பெற்று கூப்பர் ஃபிளாக்கை எடுத்தது. நலிந்த அணிக்கு உதவி போய்ச் சேரவில்லை. தோல்வி தேடலும் நிற்கவில்லை, ஏனென்றால் கடைசி மூன்றில் இருப்பதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

எனக்குப் பிடித்த வழி பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக்கான பி.டபிள்யு.எச்.எல். 2024இல் தொடங்கியபோதே கைக்கொண்டது. அடுத்த கட்டத்துக்குப் போகும் வாய்ப்பு கணக்குப்படி அற்றுப்போன நாளிலிருந்து ஓர் அணி எடுக்கும் புள்ளிகளை எண்ணுகிறார்கள். அதிகம் எடுத்தவருக்கே முதல் தெரிவுரிமை. உண்மையிலேயே நலிந்த அணி சீக்கிரம் வெளியேறும், அதனால் அதற்குப் புள்ளி சேர்க்க ஆட்டங்கள் அதிகம் மிஞ்சும். ஆனால் அந்த ஆட்டங்களை வென்றாக வேண்டும். முதல் ஆண்டில் கடைசியில் முடித்த நியூயார்க்குக்கே முதல் இடம் கிடைத்து சாரா ஃபில்லியர் வந்தார். மார்ச் மாதத்து ஆட்டத்துக்குக் காசு கொடுத்து வரும் ரசிகருக்குத் தன் அணி வெல்ல வேண்டும் என்று மனதாரக் கத்த முடிகிறது. இதற்கு ‘வெளியேறியபின் புள்ளி’ என்று எழுதிவிட்டேன். சுருக்கமில்லை, ஆனால் படித்ததும் புரிகிறது.

கட்டுரையின் மீதியை இந்தச் சொற்களை வைத்தே இன்றிரவு எழுதத் தொடங்குகிறேன். ‘தெரிவிடம்’ மட்டும் இன்னும் எனக்கு உறுத்துகிறது. தெரியும் இடம் என்று யாரேனும் படித்துவிடுவார்களோ என்ற பயம். இதைவிட நல்லது தோன்றினால், ஆர்லாண்டோ வாக்கியத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்.