செகண்ட் ஹேண்ட் ஹார்ட் டிஸ்க்ல இருந்து வெளிய வந்த குடும்பம். உங்களுக்கும் இப்டி நடந்திருக்கா?

கீழவாசல்:
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல 500 ஜிபி டிஸ்க் வாங்குனேன், ஃபார்மட் பண்ணியாச்சு சார்னு குடுத்தாங்க, காலியாத்தான் இருந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு பொண்ணோட ப்ராஜெக்ட் ஃபோல்டர கை தவறி ஷிஃப்ட் டெலிட் அடிச்சுட்டேன், மீட்டுடலாம்னு ஃபோட்டோரெக்னு அழிஞ்ச ஃபைல தேடி எடுக்குற சாஃப்ட்வேர ஓடவிட்டேன். அது பழைய பேரோட தராதுல்ல, எஃப் போட்டு வெறும் நம்பரா வரும், ஒவ்வொண்ணா திறந்துதான் பாக்கணும். திறந்தா ஒரு காதுகுத்து. மொட்டத் தலைல சந்தனம், தாய்மாமன் மடில உக்காந்து கொழந்த வீல்னு அழுவுது. அடுத்தது ரேஷன் கார்டு, பாஸ்புக் மொத பக்கம், ஒரு பெரியவரோட டிஸ்சார்ஜ் சம்மரி. பொண்ணு பின்னாடி நின்னு "யாருப்பா இந்த பாப்பா"ன்னா. சட்டுனு மானிட்டர ஆஃப் பண்ணிட்டேன். போன் நம்பர் இருந்துச்சு. கூப்புட்டுச் சொல்றதா வேணாமானு நாலு நாள் யோசிச்சு கடைசில சொல்லாமலே எல்லாத்தையும் அழிச்சுட்டேன்.

தேன்மொழி_67:
சொல்லியிருக்கணும் சார். நான் சிஸ்டத்த சர்வீஸுக்குக் குடுத்துட்டு திரும்ப வாங்கப் போனப்போ அந்தத் தம்பி குரலத் தாழ்த்தி "அக்கா, பாஸ்வேர்டுன்னு ஒரு நோட்பேட் டெஸ்க்டாப்லயே கெடக்கு, நான் திறக்கல, ஆனா எடுத்துருங்க"ன்னாரு. கை நடுங்கிடுச்சு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து எல்லாத்தையும் மாத்துனேன். அவர் சொல்லலைன்னா இன்னும் அங்கயேதான் கெடந்திருக்கும்.

ஆணிவேர்:
தேன்மொழி மேடம், அந்த சர்வீஸ் தம்பி நேர்ல முகம் பாத்துச் சொன்னாரு. முன்ன பின்ன தெரியாத ஆளு போன் போட்டு உங்க கொழந்த ஃபோட்டோ என்கிட்ட இருக்குன்னா அந்த வீட்ல என்ன நினைப்பாங்க? மெரட்டுறான்னுதான் நினைப்பாங்க. எனக்கும் ஒரு தடவ பழைய லேப்டாப்ல யாரோட சம்பளச் சீட்டோ வந்துச்சு, விட்டுட்டேன். ஆனா கீழவாசல் சார், "அழிச்சுட்டேன்"னு சொல்றீங்களே, எப்டி அழிச்சீங்க? நீங்க டெலிட் பண்ணது மீட்டு எடுத்த காப்பிய. ஒரிஜினல் அதே டிஸ்க்ல காலி எடம்ங்கற பேர்ல இன்னும் கெடக்கலாம். க்விக் ஃபார்மட் பண்ணா எந்த ஃபைல் எங்க இருக்குங்கற கணக்குதான் போகும், உள்ள இருக்குறது அப்டியே இருக்கும். க்விக் டிக்க எடுத்துட்டு முழு ஃபார்மட் போடுங்க, விஸ்டாவுக்கு அப்புறம் வந்த விண்டோஸ் எல்லாம் முழுக்க பூஜ்யம் எழுதிடும். வேண்டிய ஃபைல் இருக்குற டிஸ்க்னா ஃபார்மட் வேணாம், கமாண்ட் ப்ராம்ப்ட்ல சைஃபர்ங்கற கமாண்ட ஸ்லாஷ் டபிள்யூ (/w) சேத்துக் குடுங்க, காலி எடத்துல மட்டும் மூணு தடவ எழுதும், ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க. எஸ்எஸ்டின்னா, அதாவது சுத்துற தட்டு இல்லாத சிப் டிஸ்க்னா, மேல எழுதுறத நம்பாதீங்க, அந்தக் கம்பெனி டூல்ல செக்யூர் எரேஸ் இருக்கும். அப்புறம் டவுன்லோட்ஸ் ஃபோல்டர இன்னிக்கே பாருங்க, இ-ஆதார் பிடிஎஃப் நாலஞ்சு கெடக்கும். அதோட பாஸ்வேர்டு பேர்ல மொத 4 எழுத்தும் பொறந்த வருஷமும், உங்கள தெரிஞ்ச யாரும் திறந்துடலாம். கடைசி 4 நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார் போதும்ங்கற எடத்துல அதையே குடுங்க. டிஸ்க்க விக்கறதுன்னா மொதல்லயே பிட்லாக்கர், அதாவது டிஸ்க்க முழுசா பூட்டி வைக்குற விண்டோஸ் வசதிய போட்டு வச்சிருக்கணும், அதுதான் நெஜமான பாதுகாப்பு.

வைகைக்கரை:
பிட்லாக்கர் போடுன்னு சும்மா சொல்லிட்டுப் போகாதீங்க சார். அப்பா தவறி மூணு மாசத்துல லேப்டாப் ரிப்பேர் ஆச்சு, மதர்போர்டு மாத்துனாங்க, ஆன் பண்ணா நீலக் கலர்ல 48 இலக்க ரெக்கவரி கீ கேக்குது. அது லாக் ஆயிருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. அக்கா கல்யாண ஃபோட்டோ மொத்தமும் அதுலதான், வேற காப்பி இல்ல. அம்மா வாராவாரம் "தொறந்துச்சா"ன்னு கேக்குறாங்க.

தேன்மொழி_67:
அப்பாவோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல அந்தக் கீ சேவ் ஆயிருக்கும் தம்பி, உள்ள போய்ப் பாத்தீங்களா?

வைகைக்கரை:
பாத்தோம்கா. ஓடிபி அவரோட பழைய நம்பருக்குப் போகுது. அந்த சிம்ம பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் நான்தான் கொண்டுபோய் சரண்டர் பண்ணேன்.