பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கும் வரைபடமும் சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்

கத்தரிவெயில்:
மூன்றாம் வகுப்பு, இனமாற்றக் கழித்தல், அதாவது பக்கத்து இடத்திலிருந்து கடன் வாங்கிக் கழிப்பது. 502-லிருந்து 178. பையன் ஒன்றாம் இடத்தில் 8-லிருந்து 2-ஐக் கழித்து 6 என்று போட்டுவிட்டான். "பக்கத்துல கடன் வாங்குடா" என்றேன். பென்சிலைக் கடித்துக்கொண்டே, "பக்கத்து வீட்லயே பூஜ்யம்தானம்மா இருக்கு, அவங்க எப்படிக் குடுப்பாங்க?" என்றான். வாய்க்கு வாய் பேசுகிறான் என்று நோட்டைப் பிடுங்கி வீசிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. "பூஜ்யத்தை 9 ஆக்கு, 5-ஐ 4 ஆக்கு" என்று மனப்பாடமாகப் போட்டு வளர்ந்தவள் நான். ஏன் என்று எனக்கே தெரியாது. அட்டை கிழிந்த அந்த நோட்டில்தான் இன்னும் எழுதுகிறான்.

தென்காசிக்காரன்:
எனக்குக் கணக்கில் தொல்லை இல்லை, வரைபடத்தில்தான். அண்ணன் மகனின் பழைய அட்லஸ் வீட்டில் கிடந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்தைத் திறந்து, "நம்ம மாவட்டத்தைக் கண்டுபிடி பாப்போம்" என்றேன். பாப்பா பத்து நிமிஷம் விரல் வைத்துத் தேடினாள். அப்புறம் முகம் சுண்டிப்போய், "நம்ம ஊரு இல்லப்பா" என்றாள். 2019-க்கு முந்தைய அட்லஸ், மொத்தம் 32 மாவட்டம். தென்காசியைத் திருநெல்வேலியிலிருந்து பிரித்தது அதற்கப்புறம்தானே! இப்போது 38. பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன், சமாதானம் ஆகவில்லை. "அப்ப நாம முன்னாடி எங்க இருந்தோம்?" என்று ஒரு வாரம் கேட்டாள்.

மொட்டைமாடி:
அதாவது பரவாயில்லை. என் மகனிடம் வடக்கு எங்கே என்றால் மின்விசிறியைக் காட்டினான்! வகுப்பில் வரைபடம் சுவரில் தொங்குகிறது, மேலே இருப்பது வடக்கு. அவன் மேல் தப்பே இல்லை. மறுநாள் காலை மாடியில் சூரியனைப் பார்த்து நிற்கவைத்து, இடது கைப்பக்கம் வடக்கு என்று காட்டினேன். வரைபடத்தைத் தரையில் விரித்து அதற்கேற்பத் திருப்பி வைத்ததும், "அப்ப ஆச்சி ஊரு தண்ணித்தொட்டிக்கு அந்தாண்டையா?" என்றான். ஆமாம், அந்தாண்டைதான்.

பழைய வாத்தியார்:
முதல் பதிவு போட்ட அம்மாவுக்கு: மனப்பாடத்தைக் குறை சொல்லாதீர்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாய் தானாகச் சொல்லாவிட்டால் வகுத்தலில் தவிப்பார்கள். பயமுறுத்தவும் வேண்டாம். 2 முதல் 9 வரை, திருப்பிப் போட்டதை (ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதானே) கழித்தால் 36 பெருக்கல்தான். அதில் இரண்டும் ஐந்தும் பிள்ளைகளுக்குச் சுலபம், அவற்றை விட்டால் மிச்சம் 21. ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பிடும்போது, குளிக்கும்போது. அப்புறம் எழுதவைத்துப் பாருங்கள். தேதி போட்டு வையுங்கள். தப்பானதை மட்டும் மறுநாள் கேளுங்கள், சரியானதைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளைக்குச் சலிப்பு வரும். என் அனுபவம் என்று தனியாக ஒன்றுமில்லை, ஒருமுறை வரைபடத்தில் காவிரி மேல் நூல் வைத்து அளக்கச் சொன்னேன். 1 செ.மீ.க்கு 50 கி.மீ. நூல் 13 செ.மீ.தான் வந்தது. "650தான் சார், புத்தகத்துல 800னு தப்பா போட்டிருக்கு" என்றான் ஒருவன். சின்னச் சின்ன வளைவெல்லாம் வரைபடத்தில் நிமிர்ந்துவிடும் என்று அன்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. "புத்தகம் சொன்னா சரியாத்தான் இருக்கும், உக்காரு" என்றேன்.

மொட்டைமாடி:
வாத்தியாரய்யா, அவர் மனப்பாடத்தைத் திட்டவே இல்லை. பையன் கேட்டது வேறு.

கத்தரிவெயில்:
சண்டை வேண்டாம். நேற்று ஐந்து நூறு ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாயும் அவன் கையில் கொடுத்து, 178 கேட்டேன். பத்து ரூபாய் ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நேரம் முழித்தான். ஒரு நூறை நீட்டி, "பத்துப் பத்தா மாத்திக் குடு" என்றான். அதில் ஒரு பத்தைத் திருப்பி நீட்டிச் சில்லறை கேட்டான். கையில் மிச்சம் 324. எண்ணி முடித்துவிட்டு, "அன்னைக்கு ஏம்மா கோவப்பட்ட?" என்றான்.