எமார்ஜினேஷனுக்குத் தமிழ்: விளிம்பொடுக்கமா, நொசிவா?

அன்பர்களுக்கு வணக்கம். பறவைகளுக்கு வளையமிடும் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிளித் நாணல் கதிர்க்குருவியையும் ஐரோப்பிய நாணல் கதிர்க்குருவியையும் கையில் பிடித்துப் பிரித்தறியும் பக்கம் மட்டும் பாக்கி. சிறகின் வெளிப்பகுதியில் உள்ள பறக்கும் இறகுதான் முதன்மை இறகு. அதன் வெளியிதழ், அதாவது நடுத்தண்டுக்கு வெளிப்பக்கம், ஓரிடத்தில் சட்டென்று குறுகும், அதுதான் எமார்ஜினேஷன். வெளியிலிருந்து எண்ணினால் ஐரோப்பியக் குருவிக்கு மூன்றாம் இறகில் மட்டும் தெளிவாகத் தெரியும். பிளித்துக்கு மூன்றிலும் நான்கிலும். ‘விளிம்பொடுக்கம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

> விளிம்பொடுக்கம்

வேதியியலில் ஒடுக்கம் வேறு பொருளில் (ரிடக்‌ஷன்) நிலைத்துவிட்டது, மாணவர் குழம்புவர். நுசுப்பு என்ற சங்கச் சொல் இருக்கிறதே! நுண்ணிய இடை. வேர் நொசி, தொல்காப்பிய உரியியல் நொசிவை நுண்மைப் பொருளில்தான் வைக்கிறது. நுழை, நுணங்கு, நுனி எல்லாம் இந்தக் குடும்பமே என்பேன்.

> நுசுப்பு

ஐயா, இடை இருபுறமும் ஒடுங்கும். இங்கே ஒருபுறம்தான்: தென்னோலையை ஈர்க்கோடு பிடித்து ஒரு பக்கத்தை மட்டும் நறுக்கியது போல. உள்ளிதழில் வரும் நாட்ச், அதாவது வெட்டு, தனி. நுனியிலிருந்து அது எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறோம். அதை ‘உள்வெட்டு’ எனலாம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் பதிவேடே தப்பாகும்.

சொல்லைவிட எண்ணும் முறையைப் பெரிய எழுத்தில் போடுங்கள். முதலாம் இறகு மிகச் சிறியது, கண்ணுக்குத் தப்பும். அதை விட்டு எண்ணினால் நான்காவது மூன்றாவதாகிவிடும். இரண்டாம் இறகின் நுனியையும் பார்க்கச் சொல்லுங்கள்: பிளித்தில் பெரும்பாலும் ஆறாம், எட்டாம் இறகு நுனிகளுக்கு இடையில் விழும், ஐரோப்பியதில் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில். பிளித் குளிர்காலத்தில் நம் பக்கம் வந்துதான் இறகு மாற்றும். பாதி வளர்ந்த இறகை வைத்து ஒப்பிடவே கூடாது.

இன்னொன்று. 1849-இல் எட்வர்ட் பிளித் என்ற இயற்கையியலாளர் இதற்கு வைத்த இலத்தீன் பெயரே புதர்க்காட்டைத்தான் சொல்கிறது. வேலியிலும் தோப்பிலும் ‘செக் செக்’ என்று திரிகிற குருவிக்கு நாணல் எதற்கு? ‘புதர்க் கதிர்க்குருவி’ என்று மாற்றலாமே.

> புதர்க் கதிர்க்குருவி

பெயர் மாற்றத்தைத் தனி இழையில் பேசுவோம், இப்போது நேரமில்லை. இதுவரை மூவர் விளிம்பொடுக்கத்தின் பக்கம். விளிம்பு முன்னால் நிற்பதால் வேதியியலோடு மோதாது. உள்வெட்டுக்கு மறுப்பு வரவில்லை. இரண்டையும் அனுப்பிவிடுகிறேன்.

> மூவர்

நான் உடன்படவில்லை. நுசுப்பை வேண்டுமானால் விடுகிறேன். ‘வெளிநொசிவு’ என்றால் ஒருபுறம் என்பதும் வந்துவிடுகிறதே. சொல்லடைவிலாவது சேருங்கள்.