ஃபேன் கொக்கியில் மழைத்தண்ணீர் சொட்டுகிறது, தட்டோட்டைப் பெயர்க்கத்தான் வேண்டுமா?

மாடிவீட்டுக்காரன்:
வணக்கம். வீடு தாம்பரம் பக்கம், தரைத்தளமும் ஒரு மாடியும், கட்டி பதினைந்து வருடம் இருக்கும். மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருக்கிறது. போன ஐப்பசி மழையில் மாடி ஹாலின் ஃபேன் கொக்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கோடையில் மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டு வெள்ளை வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தோம், செலவும் ஆனது. இப்போது புரட்டாசியில் ஒரு நல்ல மழை பெய்ததற்கே மறுபடியும் அதே கொக்கி, அதே சொட்டு. இன்னொரு மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, தட்டோடு மொத்தத்தையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். கொக்கிக்கு நேர் மேலே விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, அதுதான் குழப்பமாக இருக்கிறது. பெயர்க்காமல் வேறு வழி உண்டா?

கரண்டிக்காரர்:
முதலில் அந்த ஃபேனின் எம்.சி.பி.யை (கரண்ட் பெட்டியில் அந்த லைனுக்கான ஸ்விட்ச்) இறக்கிவிடுங்கள் சார், மற்றதெல்லாம் அப்புறம். ஈரமான ஃபேன் பெட்டியில் கரண்ட் ஓடுவது விளையாட்டுக் காரியமில்லை. கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

வெயில்_மழை:
தட்டோடு ஜாயின்ட்தான் காரணம். சிமெண்டைப் பாலாகக் கரைத்து ஊற்றுங்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான் நின்றது.

கொத்தன் மகன்:
சிமெண்டுப் பால் ஒரு மழைக்காலம் தாங்கும். பகல் வெயிலில் மாடி விரியும், ராத்திரி சுருங்கும், இளகாத சிமெண்ட் அந்த இழுப்பில் மறுபடி வெடிக்கும். ஜாயின்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து பாலிமர் கலந்த கலவை வைப்பதுதான் சரி.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம். ஃபேன் கொக்கியில் சொட்டினால் ஓட்டை அதற்கு நேர் மேலேதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். காங்கிரீட்டுக்குள் வயர் பைப் போட்டிருப்பார்கள் அல்லவா, எங்கேயோ நுழைந்த தண்ணீர் அந்தப் பைப்புக்குள்ளேயே ஓடி வந்து, திறந்திருக்கிற சீலிங் பெட்டியில் எட்டிப் பார்க்கும். அதனால் முதலில் தண்ணீர் கட்டிப் பாருங்கள். மழைநீர்க் குழாயின் வாயைச் சாக்குத் துணியால் அடைத்துக்கொண்டு, ஹாலுக்கு மேல் பகுதியை மட்டும் களிமண் வரப்பு கட்டிப் பிரித்து, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் முழுக்க விடுங்கள். சீலிங் பூச்சு உப்பியோ கம்பி தெரிந்தோ இருந்தால் இதைச் செய்யவே கூடாது, அங்கே எஞ்சினியரைக் கூப்பிட வேண்டும்.

தேக்கிய தண்ணீருக்குச் சொட்டினால் தளத்தில்தான் கோளாறு. தேக்கினால் சொட்டாமல் மழைக்கு மட்டும் சொட்டினால், தண்ணீர் தளத்துக்கு மேலிருந்து வருகிறது என்று அர்த்தம். கைப்பிடிச் சுவரின் தலை, ஹெட்ரூம் (மாடிப்படி மேலே வந்து முடியும் அறை) சுவர், டேங்க் தூணின் அடி, இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

மாடிவீட்டுக்காரன்:
எம்.சி.பி. இறக்கியாகிவிட்டது, ஆர்.சி.சி.பி. இருக்கிறது. நீங்கள் சொன்னபடி தண்ணீரும் கட்டினோம் அண்ணா. ஒரு சொட்டு இல்லை! சீலிங் காய்ந்தே கிடந்தது.

கொத்தன் மகன்:
அப்படியானால் தட்டோட்டைத் தொட வேண்டாம், அந்த மேஸ்திரியைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். மாடியில் வயர் எங்கேயாவது மேலே வருகிறதா? டேங்க் ஃப்ளோட் ஸ்விட்ச், லைட், கேபிள் டிவி, எதற்காகவாவது?

மாடிவீட்டுக்காரன்:
டேங்க் பக்கத்தில் ஒரு பைப் ஒரு அடி உயரம் நிற்கிறது, ஃப்ளோட் ஸ்விட்ச் வயர் அதிலிருந்துதான் வருகிறது. வாய் வானத்தைப் பார்த்துத் திறந்தே இருக்கிறது.

கரண்டிக்காரர்:
ஆள் அகப்பட்டுவிட்டான். சோதிக்கிறேன் என்று அதில் தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே வயர் இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்து இறுக்கிக் கட்டி, அடுத்த மழைக்கு விட்டுப் பாருங்கள்.

மாடிவீட்டுக்காரன்:
நேற்று ராத்திரி நல்ல மழை. கொக்கி காய்ந்திருந்தது! நிரந்தரமாக என்ன செய்வது? சீலிங்கில் பழுப்பு வட்டமும் வெள்ளை உப்பும் இருக்கிறது, அதற்கும் சொல்லுங்கள்.

கரண்டிக்காரர்:
பைப் தலையில் இரண்டு எல்போ ஒட்டி, குடைக் கைப்பிடி மாதிரி வாய் கீழே பார்க்கும்படி வளைத்துவிடுங்கள், வயர் வெளியே வரும் இடத்தில் சிலிக்கான் சீலன்ட். இதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது நல்லது, வயரைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். பெட்டியில் நனைந்த கனெக்டரையும் மாற்றச் சொல்லுங்கள், அவர் சோதித்த பிறகு ஃபேனைப் போடுங்கள்.

வெயில்_மழை:
சரி, என் சிமெண்டுப் பாலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் மாடியிலும் இப்படி ஒரு பைப் நிற்கிறது, போய்ப் பார்க்க வேண்டும்.

கொத்தன் மகன்:
சீலிங்குக்கு இப்போது பெயிண்ட் அடிக்காதீர்கள், உள் ஈரம் வெளியே வரும்போது உரிந்துவிடும். தை பிறந்து வெயில் ஏறட்டும். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, ப்ரைமர் அடித்து, பிறகு பட்டி, பெயிண்ட். மழைநீர்க் குழாய் வாயில் அடைத்த சாக்கை எடுத்துவிட்டீர்களா?

மாடிவீட்டுக்காரன்:
அன்றைக்கே எடுத்தாயிற்று அண்ணா.