அம்மா, நீங்களே கேளுங்க

என் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் ஓயாமல் பேசுவாள். வெளியே வந்துவிட்டால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். யாராவது பெயர் கேட்டால்கூடப் பதில் என் வாயிலிருந்துதான் வரும். அதை உதவி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

போன மாதம் பூங்காவில் நாலைந்து பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். "அம்மா, நீங்களே கேளுங்க" என்று கையை இழுத்தாள். "நான் இங்கேயே நிற்கிறேன், நீ போய்க் கேள்" என்றேன். என்ன சொல்வது என்று தெரியாததுதான் பாதிப் பயம் என்று தோன்றியது. அதனால் "நானும் சேர்ந்துக்கலாமா?" என்று இரண்டு முறை என்னிடமே கேட்டுப் பழக வைத்தேன். போனாள். குரல் எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்தது தெரிந்தது. பந்து வைத்திருந்த பையன் தலையாட்டி மறுத்துவிட்டான்.

திரும்பி வரும்போதே அழுகை. நேரே போய் "ஏம்ப்பா, இவளையும் சேர்த்துக்கோயேன்" என்று சொல்ல எனக்குக் கால் பரபரத்தது. சொன்னால் சேர்த்திருப்பார்கள். ஆனால் அவள் கேட்டது பலிக்காது, அம்மா கேட்டால்தான் பலிக்கும் என்று அவள் மனதில் பதிந்திருக்கும். மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். "இதுக்குப் போய் அழலாமா" என்றும் சொல்லவில்லை. உளவியலாளர் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர் 2003-ல் செய்த ஆய்வு ஒன்றைப் படித்திருந்தேன். கணினியில் பந்து எறியும் விளையாட்டில் ஒதுக்கப்பட்டவர்களின் மூளையில், உடல் வலியோடு தொடர்புள்ள ஒரு பகுதி செயல்பட்டதாம். பெரியவர்களுக்கே அப்படி வலிக்கும்போது ஏழு வயதுக்கு வலிக்காதா?

அழுது முடித்ததும் கேட்டேன், "என்ன சொன்னான்?"

"ரெண்டு பக்கமும் ஆள் சரியா இருக்காம்."

"உன்னைப் பிடிக்கலைன்னு சொன்னானா?"

கொஞ்சம் யோசித்தாள். "இல்ல."

அடுத்த இரண்டு வாரம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. நேற்று நூலகத்தில் அவளே போய் ஒரு புத்தகம் கேட்டாள். வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். "சரி" என்று திரும்பியவள், நின்று, "எப்ப வரும்?" என்றாள். அந்த இரண்டாவது கேள்வி நான் சொல்லிக் கொடுத்தது இல்லை.

*

நான் ஒரு அப்பா. எங்கள் வீட்டில் இதற்கு நேரெதிர். பத்து வயது மகனுக்குக் கேட்பதில் கூச்சமே கிடையாது. "முடியாது" என்பதுதான் காதில் ஏறாது. அழுவான், கதவை அறைவான், அம்மாவிடம் போய் அதையே மறுபடி கேட்பான். பிடிவாதக்காரன் என்று அவனையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் யோசித்தபோதுதான் உறைத்தது: நான் மறுத்ததில் பாதி அவனுக்கு மூன்றாவது அழுகையில் கிடைத்திருக்கிறது. பழக்கியது நான்தான்.

இப்போது வாய் திறக்கும் முன் நானே யோசித்துக்கொள்கிறேன். மறுத்தால் காரணம் ஒரு முறை சொல்வேன், அதோடு சரி. அவன் புதிதாக ஒரு காரணம் சொன்னால் காது கொடுப்பேன். இரண்டு முறை என் முடிவை மாற்றியும் இருக்கிறேன். அதே கேள்வியை உரக்கக் கேட்டால் மட்டும் பதில் மாறாது. முதல் சில நாட்கள் மிகவும் கஷ்டமாக இருந்தது.

அப்புறம், அவன் "வேண்டாம்" என்றால் நானும் கேட்கப் பழகிவருகிறேன். முன்பெல்லாம் போட்டோவுக்கு வரமாட்டேன் என்றாலும் இழுத்து நிறுத்துவேன். அப்படி இருந்துவிட்டு, அடுத்தவர் மறுப்பை மதி என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது?

*

நான் ஆசிரியை. முதலில் எழுதிய அம்மா பிள்ளைக்காகப் பதில் சொன்னதுபோல நாங்களும் வகுப்பில் செய்கிறோம். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களில் காட்டினார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

மாதக்கணக்கில் வாய் திறக்காத ஒரு சிறுமியிடம் கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணினேன். ஐந்தை எட்டும்போது பதில் வந்தது. தப்பான பதில். சரி என்று பூசி மெழுக மனம் வந்தது; செய்யவில்லை. "அது இல்லைம்மா. எப்படி யோசிச்சே, சொல்லு" என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். பாதி வழி சரியாகவே வந்திருந்தாள், அதையும் அவளிடம் சொன்னேன். மறுநாள் கையைத் தூக்கினாள், முழங்கை மேசையை விட்டு எழாமல்.