தங்கச்சி கணினிக் கணிதம் எடுக்கலாமா?

சிப்புட்காரன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தங்கச்சிக்கு எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடிவு வந்துவிட்டது, மேத்ஸில் ஏ. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் தேர்வாகக் கணினிக் கணிதம் (கணக்குகளைக் கணினியால் தீர்க்கும் படிப்பு) போடப் போகிறாளாம். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். "அதைப் படித்தால் என்ன வேலை?" என்று கேட்டார். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிடிபிடிஎன் கல்விக் கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும். விண்ணப்பம் மூட இன்னும் பத்து நாள்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்பிஓ_கோசோங்:
தம்பி, மின்னியல் பொறியியல் போடச் சொல்லுங்கள். 1972ல் இன்டெல் வந்ததிலிருந்து பினாங்கில் அந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஏறினால் பக்கம்தான், வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடலாம். கணக்குப் போட இப்போது ஆள் எதற்கு? மேட்லேப் என்ற கணக்கு மென்பொருளில் ஒரு வரி எழுதினால் ஆயிரம் சமன்பாடு தீர்ந்துவிடும். எவனோ எழுதி வைத்த புரோகிராம் லைப்ரரியைக் கூப்பிடுவதற்கு ஒரு பட்டமா?

லிந்தாங்_பொண்ணு:
கோசோங் அண்ணே, அந்த ஒரு வரியை நானும் ஒரு காலத்தில் நம்பினேன். நான் லிந்தாங் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். இப்போது கோலாலம்பூரில், பூமிக்கடியில் எண்ணெய் எப்படி நகரும் என்று கணிக்கும் மென்பொருளில் வேலை. பாறையை லட்சக்கணக்கான கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு சிறு காலத் துண்டுக்கும் ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்ப்போம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பழக ஆக்டேவ் என்ற மென்பொருள் இலவசம், மேட்லேப் கட்டளைகள் பெரும்பாலும் அதிலும் ஓடும். (பெயருக்கும் இசைக்கும் சம்பந்தம் இல்லை. ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற வேதிப் பொறியியல் பேராசிரியரின் பெயர் அது.) ஆனால் இந்தச் சோதனைக்கு உங்கள் மேட்லேப்பிலேயே 12க்கு 12 ஹில்பர்ட் மேட்ரிக்ஸ் (எண்களை அடுக்கிய அட்டவணை) ஒன்றை எடுங்கள். முதல் வரிசை 1, 1/2, 1/3 என்று போகும். அடுத்தது 1/2, 1/3, 1/4. ஒவ்வொரு வரிசையையும் கூட்டி வலப்பக்கத்தில் வையுங்கள். விடை எல்லாமே 1 என்று வர வேண்டும். உங்கள் ஒரு வரியை ஓட்டிப் பாருங்கள். பிறகு 12ஐ 15 ஆக்குங்கள், சிரிப்பு வரும்.

கோப்பிஓ_கோசோங்:
ஓட்டினேன். 15ல் கழித்தல் எண்ணெல்லாம் வருகிறது. ஆனால் "நம்ப வேண்டாம்" என்று எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறதே! மென்பொருளே சொல்லிவிட்டது, அப்புறம் எதற்கு உங்கள் படிப்பு?

லிந்தாங்_பொண்ணு:
ராத்திரி தானாக ஓடும் வேலையில் அந்த எச்சரிக்கையை யார் படிப்பார்கள்? விடை கெட்டது என்று மட்டும்தான் அது சொல்லும். கணக்கே அப்படிப்பட்டதா, நாம் அதை எழுதிய விதம் தப்பா என்று சொல்லாது. 12க்கு 12 மேட்ரிக்ஸுக்கே நிலைமை எண் (சின்னப் பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்பது) சுமார் 10 அடுக்கு 16. கணினி ஓர் எண்ணில் வைத்துக்கொள்வதோ ஏறக்குறைய 16 தசம இலக்கம். எல்லாம் அதிலேயே கரைந்துவிடும். கேள்வியை வேறு மாதிரி எழுதத்தான் ஆள் வேண்டும்.

பழையகிராணி:
இடையில் ஒரு சொந்தக் கதை. முன்பு ஓர் ஆலையில் எண்ணெய்த் தொட்டி நிரம்புவதைக் காட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். 0லிருந்து 0.1, 0.1 ஆகக் கூட்டிக்கொண்டே போய், 1க்குச் சமமானதும் நிற்க வேண்டும். நிற்கவே இல்லை. தொட்டி வழிந்து, திரைக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தது. 0.1ஐப் பத்து முறை கூட்டினால் கணினிக்கு 0.9999999999999999. கணினியின் இரும முறையில் (0, 1 மட்டும்) 0.1 முடிவில்லாமல் ஓடும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மேலாளர் ஒரு வாரம் என்னைத் "தொட்டி" என்றே கூப்பிட்டார்.

லிந்தாங்_பொண்ணு:
உங்களுக்குப் பட்டப்பெயரோடு போயிற்று, ஐயா. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைக் கருவி சுமார் 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியிருந்தது. அதன் கடிகாரத்தில் இதே 0.1 தான். 0.34 விநாடி பிசகி, வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. 28 படைவீரர்கள் இறந்தார்கள்.

லேப்பை_விட்டவன்:
அறிவு தேவை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த அறிவுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் (பெயர் வேண்டாம்) வெள்ளக் கணிப்புக்கு மூன்று வருஷம் ஃபோர்ட்ரான் மொழியில் புரோகிராம் எழுதினேன். ஒப்பந்தம் நீட்டிக்கும் நேரத்தில் "கட்டுரை எத்தனை?" என்று கேட்டார்கள். மென்பொருளைக் காட்டினேன், அந்தப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

உலகத்திலேயே அப்படித்தான். உலகமே பயன்படுத்தும் நம்பை என்ற கணக்கு லைப்ரரியின் 1.0 பதிப்பு 2006ல் வந்தது. அதற்கென்று தனி நிதி 2017ல்தான் கிடைத்தது. சேஜ் என்ற கணித மென்பொருளை 2005ல் தொடங்கிய வில்லியம் ஸ்டைன், வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர், கடைசியில் பல்கலைக்கழகத்தை விட்டுத் தன் கம்பெனிக்கே போனார். பேராசிரியருக்கே அந்தக் கதி என்றால் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு?

லிந்தாங்_பொண்ணு:
நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் நீங்கள் சொல்வது பல்கலைக்கழக வேலையை. நான் வெளியில் இருக்கிறேன். மேட்லேப்பிலும் நம்பையிலும் அந்த ஒரு வரிக்கு அடியில் ஓடுவது லாபேக் என்ற லைப்ரரி, 1992ல் வந்தது. அதற்கு உழைத்தவர்களில் ஒருவரான ஜாக் டோங்காராவுக்கு கணினித் துறையின் உயரிய டியூரிங் விருது 2021க்குக் கிடைத்தது.

லேப்பை_விட்டவன்:
ஒருவருக்கு விருது கிடைத்தால் மற்றவர்களுக்கு அரிசி வருமா, லிந்தாங் தங்கச்சி?

கோப்பிஓ_கோசோங்:
அதைச் சொல்லுங்கள்! இன்னொன்று, எண்முறைகள் (கணினியில் தோராயமாக விடை காணும் வழிகள்) பொறியியலிலும் உண்டு. ஒரு செமஸ்டர் படித்தேன், ஏ மைனஸ்.

லிந்தாங்_பொண்ணு:
நியூட்டன் முறை, சிம்சன் விதி, தேர்வு, மறதி. அதுதானே அண்ணே? ஹில்பர்ட் பெயரை இன்று காலைதானே கேள்விப்பட்டீர்கள்?

கோப்பிஓ_கோசோங்:
...பசியாறிவிட்டு வருகிறேன்.

சிப்புட்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி தங்கச்சி அந்த 15ஐ அப்பாவிடம் ஓட்டிக் காட்டினாள். "நிறுவை மேடையில் உள்ள கணினியும் இப்படித்தானா?" என்று கேட்டார். குலை ஏற்றிய எடையிலிருந்து வெறும் லாரி எடையைக் கழிப்பதில் இந்த வம்பு வராது என்று அவள் சொல்லியும் முகம் தெளியவில்லை, இன்று ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் தேர்வு கணினிக் கணிதம், இரண்டாவது மின்னியல் என்று போடப் போகிறோம். ஆக்டேவ் பழகக் கையில் இருப்பது 4 ஜிபி பழைய லேப்டாப். போதுமா?

கோப்பிஓ_கோசோங்:
என் கணக்கில் வரிசை தலைகீழ். 4 ஜிபி தொடங்கப் போதும், பிறகு திணறும். என்னிடம் 16 ஜிபி பழையது ஒன்று சும்மா கிடக்கிறது, ஈப்போவுக்கு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி மட்டும் புதிதாக வாங்க வேண்டும்.