வீட்டுப் பட்டறைக்குக் கையில் எடுத்துச் செல்லும் வேலை விளக்கு: எதைத் தெரிவு செய்யலாம்?

கேள்வி: உப்புவெளி வாசகர்

வணக்கம். கடற்கரைக்கு அண்மையிலுள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில், தகரக் கூரைக் கொட்டகை ஒன்றில் தச்சுவேலையும் படகு எஞ்சின் திருத்தமும் செய்து வருகிறேன். இதுவரை பயன்படுத்திய 500 வோற்று ஹலோஜன் விளக்கு, மரத்தூளுக்கு அருகில் வைக்க அஞ்சுமளவுக்குச் சூடாகிறது. உப்புக்காற்றில் அதன் தாங்கியும் துருப்பிடித்துவிட்டது. மாரி காலத்தில் சாரலும் உள்ளே அடிக்கும். வயர் உள்ள எல்ஈடி விளக்கு நல்லதா, பற்றரி விளக்கு நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி: மின்னிணைப்பு வேலை செய்பவர்

ஹலோஜனை நிறுத்துவது சரியான முடிவு. அதே வெளிச்சத்தை எல்ஈடி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் தந்துவிடும். ஆனால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சத்தை அல்ல, வயரை. உலோக உடல் கொண்ட விளக்கென்றால், பச்சை மஞ்சள் எர்த் வயர் உட்பட மூன்று கம்பிகள் உள்ளே இருக்க வேண்டும். இரண்டு கம்பி மட்டும் இருந்தால், இரட்டைக் காப்பைக் (எர்த் தேவைப்படாத இரண்டு அடுக்கு மின்காப்பை) குறிக்கும் சதுரத்துக்குள் சதுர அடையாளம் இல்லாத விளக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஈரத் தரையில் நின்று 230 வோல்ற்றைக் கையாளும் இடத்தில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அதன் சோதனைப் பொத்தானையும் இடையிடையே அழுத்திப் பாருங்கள். தூசியும் நீரும் உட்புகாத பாதுகாப்பைக் காட்டும் ஐபி (IP) எண்ணின் முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது இலக்கம் நீரையும் குறிக்கும். சாரலுக்கு 54 போதும் என்றாலும், நுண்ணிய மரத்தூள் முற்றாக உட்புகாதிருக்க 65 நல்லது. விளக்கு 65 ஆக இருந்தும் அதன் பிளக் நனையும் இடத்தில் கிடந்தால் பயனில்லை.

மறுமொழி: படகு எஞ்சின் திருத்துபவர்

மேலே கூறியவற்றோடு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஐபி 65 என்பது பெற்றோல் ஆவிக்கான பாதுகாப்பு அல்ல. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. கொட்டகைத் தரையில் படிந்து நிற்கும், சுவிட்ச் போடும்போது எழும் சிறு பொறியே அதைப் பற்றவைக்கப் போதும். ஆகையால் எரிபொருட் குழாயையோ காபரேற்றரையோ கழற்றும் வேலையைப் பகலில், திறந்த வெளியில் செய்யுங்கள். அந்த வேலைக்குச் சாதாரண விளக்கு எதுவுமே பொருந்தாது. துருவைப் பொறுத்தவரை, ஐபி எண் உப்பரிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அலுமினிய உடலில் சாதாரண இரும்புத் திருகாணி பூட்டியிருந்தால், உப்பீரத்தில் அந்த இணைப்புகளைச் சுற்றி அரிப்பு விரைந்து தொடங்கும். தடித்த பொலிகாபனேற்று உடலும் துருப்பிடியாத எஃகுத் திருகாணிகளும் உள்ளதைத் தேடுங்கள்.

மறுமொழி: தச்சுவேலை செய்பவர்

எஞ்சினுக்குள் குனிந்து பார்க்க, இழுபடும் வயர் இல்லாத பற்றரி விளக்கே எனக்கு விருப்பம். ஏற்கெனவே உங்களிடம் பற்றரித் துரப்பணம் இருந்தால் அதே பற்றரியில் இயங்கும் விளக்கை வாங்குங்கள். 18 வோல்ற்று, 4 அம்பியர் மணிப் பற்றரியில் 72 வோற்று மணி இருக்கும். 15 வோற்று விளக்கு ஏறத்தாழ நாலரை மணித்தியாலம் எரியும். பற்றரியைத் தகரக் கூரையின் கீழ் வெயில் வேளையில் சார்ஜ் செய்யாமல், வீட்டுக்குள் எடுத்துச் சென்று செய்யுங்கள். வயர் விளக்கு வாங்கும்போது, எரியும் விளக்கைக் கைத்தொலைபேசிக் கமராவால் பாருங்கள்; திரையில் கரும் பட்டைகள் ஓடினால் அதை வாங்க வேண்டாம். அவ்வாறு துடிக்கும் ஒளியில், சுழலும் வாள் மெதுவாகச் சுழல்வது போலவோ நின்றுவிட்டது போலவோ தோன்றக்கூடும்.

உப்புவெளி வாசகர்

மிக்க நன்றி. கொட்டகைக்குத் தனி ட்ரிப் சுவிட்ச் இல்லை. முதலில் அதைப் பொருத்திவிட்டு, எஞ்சின் வேலைக்குப் பற்றரி விளக்கும் வாள் மேசைக்கு மேலே வயர் விளக்கும் வாங்குகிறேன்.